மீதிப் பாதி எங்கே? ஒரு வாக்கி-டாக்கி ஆன்டெனாவின் 130 வருடக் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு நேயரோட கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பியிருந்தாங்க. ஹாம் ரேடியோ லைசென்ஸ் புதுசா வாங்கியிருக்காங்க, கூடவே கையில பிடிச்சுப் பேசுற ஒரு சின்ன ரேடியோவும். கேள்வி இதுதான்: "அண்ணா, ரேடியோவோட வந்த கறுப்பு ரப்பர் ஆன்டெனாவை முதல்ல மாத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆன்லைன்ல பார்த்தா ஏகப்பட்டது இருக்கு. எல்லாத்துலயும் 'லாங் ரேஞ்ச்'னு போட்டிருக்கு. எதை வாங்குறது?"

ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தப் பதிலை வச்சு அடுத்த ரேடியோவுக்கு அவங்களால முடிவெடுக்க முடியாது. ஏன் பெட்டியில வர்ற ஆன்டெனா அப்படி இருக்குன்னு புரிஞ்சா, எதை மாத்தணும், எதை மாத்தத் தேவையில்லைன்னு தானா தெரியும். அதுக்கு நாம 1880களுக்குப் போகணும்.

ஹாம் ரேடியோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அரசு நடத்துற பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனக்கென ஒரு அழைப்புக்குறியோட, காசு வாங்காம ரேடியோவில் பேசுறவங்கதான் ஹாம்கள். பொழுதுபோக்குதான். ஆனா எல்லா நாளும் பொழுதுபோக்காவே இருக்கிறதில்லை.

2004 டிசம்பர்ல பாரதி பிரசாத் என்கிற ஹாம், ஒரு குழுவோட அந்தமானில் போர்ட் பிளேர் போயிருந்தாங்க. பல வருஷமா ஹாம் ரேடியோவில் குரலே கேட்காத தீவு அது. உலகம் முழுக்க இருக்கிற ஹாம்கள் அந்தமானோட ஒரு தடவையாவது பேசிடணும்னு வரிசையில நின்னாங்க. டிசம்பர் 26 காலையில நிலநடுக்கமும் சுனாமியும் வந்தது. போன் இல்லை, மின்சாரம் இல்லை. விளையாட்டுக்காகக் கொண்டுபோன அதே ரேடியோக்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற நிலப்பரப்புக்குத் தகவல் சொல்ற வழியா மாறிடுச்சு. யார் உயிரோட இருக்காங்க, யாருக்கு என்ன வேணும்னு செய்தி போய் வந்தது.

அங்கே பயன்பட்டது கையடக்க ரேடியோ இல்லை, மேஜையில் வைக்கிற பெரிய ரேடியோ. வெளியே முழு நீளத்துக்கு ஆன்டெனா. ஆனா ஒரு ஊருக்குள்ள, ஒரு தெருவுல இருந்து அடுத்த முகாமுக்குப் பேச, தண்ணிக்குள்ள நடந்து போறவங்க கையில இருக்கப்போறது இந்தச் சின்ன ரேடியோதான். 2015 டிசம்பர்ல சென்னையில் இருந்தவங்களுக்கு, போன்ல சிக்னல் கோடு ஒண்ணுகூட இல்லாத அந்த ரெண்டு மூணு நாள் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல உங்க குரல் நாலு தெரு தாண்டுமா தாண்டாதாங்கிறதை முடிவு செய்யறதுல, ரேடியோவோட விலையை விட தலையில இருக்கிற குச்சிக்குப் பங்கு அதிகம்.

சரி, கதைக்குப் போவோம்.

இரண்டு கை

1887, 88. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரம். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற இளம் பேராசிரியர் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு விசித்திரமான கருவியை அமைத்திருந்தார். நடுவில் சின்ன இடைவெளி. அதற்கு இரண்டு பக்கமும் நேராக நீளும் இரண்டு கம்பிகள். இடைவெளியில் மின்பொறி பறக்கும்போது, சற்றுத் தள்ளி வைத்திருந்த இன்னொரு கம்பி வளையத்தின் இடைவெளியிலும் குட்டிப் பொறி தெரிந்தது. நடுவில் எந்த இணைப்பும் இல்லை. மேக்ஸ்வெல் காகிதத்தில் கணக்கிட்டுச் சொன்ன மின்காந்த அலை நிஜம் என்று உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இதுல நாம கவனிக்க வேண்டியது அந்த இரண்டு கம்பி. ஹெர்ட்ஸின் ஆன்டெனாவுக்கு இரண்டு கை இருந்தது. ஒரு கைக்குள் மின்னோட்டம் பாயும்போது, மறு கையிலிருந்து அதே அளவு வெளியே வரணும். இந்த ஊசலாட்டம்தான் அலையை வெளியே தள்ளுது. நம்ம ஊர்ல சொல்வாங்களே, ஒரு கை தட்டினா ஓசை வராதுன்னு. ஆன்டெனா விஷயத்தில் அது பழமொழி இல்லை, இயற்பியல். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் கூட வரும்.

ஒரு கையை மண்ணில் புதைத்தவர்

ஹெர்ட்ஸ் 1894 ஜனவரி 1 அன்று, வெறும் 36 வயதில் இறந்துபோனார். அடுத்த வருடமே, இத்தாலியில் பொலோன்யா பக்கத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் ஹெர்ட்ஸின் கருவியை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். குலியெல்மோ மார்க்கோனி.

அவருக்கு வேண்டியது தூரம். ஆய்வுக்கூடத்துக்குள் தாவும் அலை, மலையைத் தாண்ட வேண்டும். அவர் செய்த மாற்றம் கேட்க எளிதாக இருக்கும். இரண்டு கைகளில் ஒன்றை உயரத் தூக்கினார். மற்றொன்றைப் பூமியோடு இணைத்துவிட்டார். தூரம் சட்டென்று கிலோமீட்டர் கணக்குக்குப் போனது. குன்றுக்கு அந்தப் பக்கம் ரிசீவரோடு இருந்தவர்கள், சிக்னல் வந்ததைத் துப்பாக்கி வெடித்துத் தெரிவித்ததாகக் கதை சொல்வார்கள்.

நடந்தது என்ன? பூமி ஒரு கண்ணாடி மாதிரி வேலை செய்தது. மேலே நிற்கும் கம்பிக்குக் கீழே, அதன் பிம்பம் போல இன்னொரு கை இருப்பதாக அலை நடந்துகொள்கிறது. அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள ஒற்றைக் கம்பியும், அதற்குக் கீழே நல்ல தரையும் இருந்தால் போதும். இன்றைக்கும் எல்லா ஒற்றைக் குச்சி ஆன்டெனாக்களும், வாட்ச்மேன் கையில் இருப்பது, போலீஸ் ஜீப் மேல் இருப்பது எல்லாம், மார்க்கோனியின் அந்த ஏற்பாட்டின் வாரிசுகள்தான். ஜீப்பில் இரும்புக் கூரை தரையாக நிற்கிறது.

அதே 1895ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். மார்க்கோனி அலையை நீளமாக்கினார். போஸ் சில மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையாக்கினார். அலை சின்னதானதால் அவர் கருவிகள் மேஜைமேல் அடங்கின. ஆன்டெனாவின் அளவை முடிவு செய்வது அலையின் அளவு. குட்டை ஆன்டெனா வேண்டுமென்றால் நேர்மையான ஒரே வழி, குட்டை அலைக்குப் போவதுதான்.

தரை இல்லாத ரேடியோ

1941. சிகாகோவின் கால்வின் மானுஃபேக்சரிங் நிறுவனம் (பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாற்றிக்கொண்டது) அமெரிக்க ராணுவத்துக்காக ஒரு கையில் பிடித்துப் பேசும் ரேடியோவைக் கொடுத்தது. ராணுவத்தில் அதன் பெயர் எஸ்.சி.ஆர்.-536. கம்பெனி வைத்த பெயர் "ஹேண்டி-டாக்கி". இன்றும் நம் ஹாம்கள் கையடக்க ரேடியோவை "ஹேண்டி" என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஆன்டெனாவை இழுத்து நீட்டினால் ரேடியோ ஆன் ஆகும், உள்ளே தள்ளினால் ஆஃப்.

இதுல ஒரு சிக்கல். அந்த ரேடியோ வேலை செய்தது 3.5 முதல் 6 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்: 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 5 மெகாஹெர்ட்ஸுக்கு 60 மீட்டர். அதில் கால் பங்கு 15 மீட்டர். சிப்பாய் கையில் இருந்த ஆன்டெனா சுமார் ஒரு மீட்டர். தேவையானதில் பதினைந்தில் ஒரு பங்கு!

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிசு. மார்க்கோனி மறு கையைப் பூமியில் புதைத்தார். ஓடிக்கொண்டே பேசும் சிப்பாய் எதைப் புதைப்பார்? அந்த மறு கையின் வேலையை ரேடியோவின் உலோகப் பெட்டியும், அதைப் பிடித்திருந்த மனித உடலும் செய்ய வேண்டியிருந்தது. பூமி இருந்த இடத்துக்கு ஒரு மனிதன் வந்தான். அரை வாட்டுக்கும் குறைவான சக்தி, குட்டை ஆன்டெனா, அரைகுறைத் தரை. நிலத்தில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரம்தான் கிடைத்தது. அந்த நிலைமையில் அதுவே பெரிய விஷயம்.

அதே நிறுவனம் அடுத்துச் செய்த எஸ்.சி.ஆர்.-300, முதுகில் சுமப்பது, 15 கிலோ பக்கம். உண்மையில் "வாக்கி-டாக்கி" என்று அழைக்கப்பட்டது இதுதான். இது 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. கால் பங்கு இப்போது ஒன்றே முக்கால் மீட்டர் பக்கம் வந்துவிட்டது. இதோடு குட்டை ஆன்டெனா ஒன்றும் நீள ஆன்டெனா ஒன்றும் கொடுத்தார்கள். நடமாடும்போது குட்டை, தூரம் வேண்டும்போது நீளம். "எந்த ஆன்டெனாவை மாட்டுவது?" என்ற நம்ம நேயரின் கேள்வியை, 1940களில் சேற்றில் நின்றுகொண்டு ஒரு சிப்பாய் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று ராணுவமும் நினைக்கவில்லை.

ரப்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்

போருக்குப் பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. ரேடியோக்கள் சுருங்கின, அதிர்வெண் இன்னும் மேலே போனது. ஹாம்களுக்கு இரண்டு மீட்டர் பேண்ட் பிரியமான இடமானது. இந்தியாவில் அது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் கால் அலை சுமார் 52 சென்டிமீட்டர். நடைமுறையில் 49 பக்கம் வெட்டுவார்கள். நம்ம அளவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒரு முழக் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிப் பாருங்க. பக்கத்துல இருக்கிறவர் கண்ணைக் குத்தும், கதவில் மாட்டும், வளையும், உடையும். அதனால் பொறியாளர்கள் அந்தக் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுற்றி, ரப்பர் உறைக்குள் போட்டார்கள். ஒரு சாண்கூட இல்லாத, எப்படி வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும் குச்சி கிடைத்தது. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் "ரப்பர் டக்", ரப்பர் வாத்து.

ஸ்பிரிங் வடிவம் பற்றி ஒரு கிளைக்கதை. 1946ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கிராஸ் என்ற பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்த ஒரு விஞ்ஞானியின் உரையைக் கேட்டார். சுருள் கம்பி வைத்த ஒரு வால்வு பற்றிய பேச்சு. "இந்தச் சுருளை ஆன்டெனாவாகப் பயன்படுத்தலாமா?" என்று கிராஸ் கேட்டார். "முயன்றேன், வேலை செய்யவில்லை" என்ற பொருளில் பதில் வந்தது. கிராஸ் வீட்டுக்குப் போய், ஒரு சுற்றின் சுற்றளவு ஒரு அலைநீளம் வருமாறு சுருள் சுற்றிப் பார்த்தார். அதன் நுனியிலிருந்து டார்ச் லைட் மாதிரிக் குவிந்த அலை வந்தது. செயற்கைக்கோள்களோடு பேச இந்த வகை பின்னாளில் நிறையப் பயன்பட்டது.

இதை ஏன் சொல்றேன்னா, உங்க ரப்பர் குச்சிக்குள்ள இருக்கிறதும் சுருள்தான். ஆனா சுற்றளவு அலைநீளத்தோட ஒப்பிட்டா ரொம்பச் சின்னது. அந்த அளவுல சுருள் அலையைக் குவிக்காது. சும்மா ஒரு குட்டைக் குச்சி மாதிரிதான் நடந்துக்கும். "உள்ளே ஸ்பெஷல் காயில் இருக்கு, அதனால பவர் அதிகம்"னு யாராவது விற்றால், கிராஸ் செய்த சுருள் வேற, இது வேறன்னு உங்களுக்குத் தெரியும்.

சட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது

ரப்பர் குச்சி ஒவ்வொரு பெட்டியிலும் வரத் தொடங்குவதற்கு முன்பே, அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று இரண்டு பேர் கணக்கிட்டு வைத்துவிட்டார்கள். 1947ல் ஹரால்ட் வீலர் சின்ன ஆன்டெனாக்களின் அடிப்படை வரம்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1948ல் எம்.ஐ.டி.யின் லான் ஜென் சூ அதை இன்னும் கறாரான கணிதமாக்கினார்.

சாரம் இது. ஆன்டெனாவுக்கு மூன்று ஆசைகள்: சின்னதாக இருக்கணும், கொடுத்த சக்தியை வீணாக்காமல் அலையாக மாற்றணும், அகலமான அதிர்வெண் பரப்பில் வேலை செய்யணும். மூன்றும் சேர்ந்து கிடைக்காது. அளவைச் சுருக்கினால் மற்ற இரண்டில் ஒன்றையாவது விட்டுக்கொடுக்கணும். என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆட்களுக்கு சி.ஏ.பி. தியரம் ஞாபகம் வரும். மூணுல ரெண்டுதான். மார்க்கெட்டிங் டீம் என்ன சொன்னாலும் மூணாவது வராது.

இப்போ நம்ம நேயரின் ரேடியோவைப் பாருங்க. 2012 வாக்கில் வந்து, உலகம் முழுக்கப் புது ஹாம்களின் முதல் ரேடியோவாகிப்போன பாவோஃபெங் யூ.வி.-5ஆர் வகை. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் ஒரு பக்கம், 400க்கு மேலே இன்னொரு பக்கம். (நம்ம லைசென்ஸ் இதுல ஹாம் பகுதிகளுக்கு மட்டும்தான், அதை மறந்துடாதீங்க.) இந்த மொத்தப் பரப்புக்கும் ஒரு சாணுக்குக் குறைவான ஒரே குச்சி. சின்னது, இருக்கு. அகலம், ஓரளவு இருக்கு. அப்போ எது போச்சு? சக்தி. நீங்க கொடுத்த 5 வாட்டில் ஒரு பங்கு அலையா வெளியே போகாம, அந்த மெல்லிய சுருள்லயே சூடாயிடுது.

இது தயாரிச்சவங்க தப்புன்னு நான் சொல்லமாட்டேன். கீழே விழுந்தாலும் உடையாத, கண்ணைக் குத்தாத, எல்லா அதிர்வெண்ணிலும் ஏதோ வேலை செய்யற ஒண்ணைப் பெட்டியில வைக்கணும். வச்சிருக்காங்க.

இன்னொரு விஷயம். 435 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 17 சென்டிமீட்டர்தான். அதாவது பெட்டியில் வந்த குச்சி, அந்த மேல் பேண்டுக்குக் கிட்டத்தட்ட சரியான நீளம். 145ல்தான் அது மூன்றில் ஒரு பங்கு. அதனால் மாற்றுவதால் பெரிய வித்தியாசம் தெரியப்போவது இரண்டு மீட்டர் பேண்டில். நீங்க பேசுறது பெரும்பாலும் மேல் பேண்டில்னா, அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

சரி, எதை வாங்குறது?

வரலாறு நமக்குக் கொடுத்த கேள்வி ரெண்டு. என் ஆன்டெனா அலைக்கு எவ்வளவு குட்டை? மீதிப் பாதி எங்கே? இந்த ரெண்டையும் வச்சு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, ஒரு முழ நீள, வளையக்கூடிய மெல்லிய கம்பி ஆன்டெனா. 40 முதல் 50 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் பேண்டில் கால் அலைக்குப் பக்கத்தில் வருது. ஒரு சுவாரஸ்யமான தற்செயல், இதே நீளம் 435 மெகாஹெர்ட்ஸில் முக்கால் அலைக்குக் கிட்ட வரும், அதனால் ரெண்டு பேண்டிலும் இதை வேலை செய்ய வைக்கிறது சுலபம். ஒரே ஒரு ஆன்டெனாதான் வாங்குவேன்னா இதை வாங்குங்க.

ரெண்டாவது, இழுத்து நீட்டுற அரை அலை ஆன்டெனா. இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் நீளம் வரும். இதோட சிறப்பு நீளம் மட்டும் இல்லை. அரை அலைக் கம்பியை அதன் முனையில் ஊட்டும்போது, அங்கே மின்னோட்டம் ரொம்பக் குறைவு. அதனால் ரேடியோவின் உடம்பையும் உங்க கையையும் அது அவ்வளவா நம்பி இருக்காது. மலை ஏறி உட்கார்ந்து பேச அருமை. நடந்துகிட்டே பேச லாயக்கில்லை.

மூணாவது, விரல் நீளக் குட்டை ஆன்டெனா. பாக்கெட்டில் அழகா இருக்கும். வீலரும் சூவும் சொன்ன வரம்பில் இன்னும் கீழே போறீங்க. ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ள பேசப் போதும்.

நாலாவது, எனக்குப் பிடிச்சது, இதுக்குக் கடையே வேண்டாம். 49 சென்டிமீட்டர் சாதாரண இன்சுலேஷன் வயர். ஒரு நுனியை, ரேடியோவில் ஆன்டெனா மாட்டும் இடத்தின் வெளி உலோக வளையத்தைத் தொடுற மாதிரி ஒரு வளைய டெர்மினலில் பிடிச்சு, மீதியைக் கீழே தொங்கவிடுங்க. நடு ஊசியைத் தொடக்கூடாது. ஹாம்கள் இதை "டைகர் டெயில்", புலிவால்னு சொல்வாங்க. இது என்ன பண்ணுது? ஹெர்ட்ஸிடம் இருந்து, மார்க்கோனி மண்ணில் புதைச்ச, ராணுவம் சிப்பாயின் உடம்பில் தேடின அந்த மறு கையைத் திருப்பிக் கொடுக்குது. பெட்டியில் வந்த ரப்பர் ஆன்டெனாவோடயே முதலில் இதைச் செஞ்சு பாருங்க. செலவு ஒரு டீ விலை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. முனை எது? பழைய ஹேண்டிகளில் பி.என்.சி. இருக்கும், தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்வது. பால் நீல், கார்ல் கான்செல்மன் என்ற இரண்டு பொறியாளர்களின் பெயரெழுத்துகள் அதில் இருக்கு. இன்னைக்கு வர்றது எஸ்.எம்.ஏ., திருகாணி வகை. மைக்ரோவேவ் கருவிகளுக்காக 1960களில் வளர்ந்த சின்ன முனை. 500 தடவை கழட்டி மாட்டும் அளவுக்குத்தான் பொதுவாக அதற்கு உத்தரவாதம். தினமும் கழட்டி மாட்டுற ஆளா இருந்தா கணக்குப் பார்த்துக்கோங்க. நீள ஆன்டெனா ஒரு நெம்புகோல் மாதிரி அந்தச் சின்ன முனையை ஆட்டும், அதனால் ஆன்டெனாவைப் பிடிச்சு ரேடியோவைத் தூக்காதீங்க.

எஸ்.எம்.ஏ.யிலயும் ஆண் முனை, பெண் முனை உண்டு. பாவோஃபெங் வகை ரேடியோவில் நடுவில் ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். ஜப்பானிய ஹாம் ரேடியோக்கள் பலவற்றில் அந்த இடத்தில் துளை இருக்கும். உங்க ரேடியோவைப் பார்த்துட்டு, அதுக்கு எதிரானதை ஆர்டர் பண்ணுங்க. ஆன்டெனா இல்லாத ரேடியோவில் பேசும் பட்டனை அழுத்தவே அழுத்தாதீங்க.

விளம்பரத்தில் "10 டி.பி. கெயின்"னு ஒரு சாண் ஆன்டெனாவுக்குப் போட்டிருந்தா, அந்தப் பக்கத்தை மூடிடுங்க. அது நடக்காது. நல்ல பெயர் வாங்கிய மாடல்களுக்குப் போலிகளும் நிறைய. பெயரை நம்பாம அளந்து பாருங்க.

"நான் எஸ்.டபிள்யூ.ஆர். அளந்தேன், 1.1 காட்டுது, சூப்பர் ஆன்டெனா"ன்னு சிலர் சொல்வாங்க. அந்த எண் சொல்றது, அனுப்பின சக்தி எவ்வளவு திரும்பி வருதுங்கிறது மட்டும்தான். திரும்பி வராத சக்தி அலையா போச்சா, சூடா போச்சான்னு சொல்லாது. ஒரு 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினா 1.0 காட்டும். அதை வச்சு அடுத்த தெருவுக்குக்கூடப் பேச முடியாது. தவிர, மீட்டரோட இணைக்கும்போது ஆன்டெனாவின் மறு பாதி உங்க ரேடியோவோ உங்க கையோ இல்லை. அந்த மீட்டரும் அதன் கேபிளும். நம்ம ஆபீஸ் பாஷையில, "என் மெஷின்ல ஓடுது" கேஸ்.

சரியான சோதனை இதுதான். ஒரே இடம், ஒரே பிடி, ஒரே உயரம். தூரத்தில் ஒரு நண்பர், சிக்னல் லேசா இரைய ஆரம்பிக்கிற தூரத்தில். குறைஞ்ச பவர் வையுங்க. பழைய ஆன்டெனா, புது ஆன்டெனா, திரும்பப் பழைய ஆன்டெனான்னு மாத்தி மாத்திப் பேசுங்க. எது எதுன்னு அவருக்குச் சொல்லாதீங்க. அவர் காது சொல்றதுதான் ரிசல்ட்.

கடைசியா, விலையே இல்லாத ஒரு மாற்றம். இந்த அதிர்வெண்களில் அலை பெரும்பாலும் தொடுவானம் வரைதான் போகும். உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினா, ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நின்னு, வாய்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடிச்சா சுமார் 5 கிலோமீட்டர். நாலு மாடி ஏறி மொட்டை மாடியில், 15 மீட்டர் உயரத்தில் நின்னா 16. நடுவுல கட்டடம் இருந்தா ரெண்டுமே குறையும், ஆனா மாடியில் குறைவாத்தான் குறையும். எந்த ஆன்டெனாவும் இந்த மூணு மடங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பாது. அதே காரணத்துக்காக இடுப்பில் மாட்டிக்கிட்டே பேசாதீங்க. உங்க உடம்பு அலையை உறிஞ்சிடும். கையில எடுத்து முகத்துக்கு நேரா, ஆன்டெனா செங்குத்தா நிக்கிற மாதிரிப் பிடிங்க.

ஆக, கோயம்புத்தூர் தங்கச்சிக்கு என் பதில்: முதல்ல 49 சென்டிமீட்டர் வயர். அப்புறம் மொட்டை மாடி. அதுக்கும் மேல வேணும்னு தோணினா, ஒரு முழக் கம்பி ஆன்டெனா ஒண்ணு. பழைய ரப்பர் குச்சியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கூட்டத்துக்குள்ள, பஸ்ஸுக்குள்ள, மழையில ஓடும்போது அதுதான் உடையாம இருக்கும். எஸ்.சி.ஆர்.-300 சுமந்த சிப்பாய் மாதிரி ரெண்டையும் பையில வச்சுக்கோங்க. மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை பண்ணிப் பாருங்க. வெள்ளம் வந்த ராத்திரி அதுக்கு நேரம் இருக்காது.

சோதனை பண்ணவங்க எந்த ஊர், எவ்வளவு தூரம், எந்த ஆன்டெனாவில் என்ன கேட்டதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எல்லாத்தையும் சேர்த்து வாசிக்கிறேன்.